எல்லா மேல்வயிற்று வலியும் கேஸ்ட்ரிக் அல்ல

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம்மவர்கள் மேல்வயிற்று வலிக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கேஸ்ட்ரிக். இரவு பத்து மணிக்கு நாசி கண்டார், பன்னிரண்டு மணிக்கு வலி, ஒரு பொட்டலம் ஈனோ, ஒரு வலி மாத்திரை, அப்புறம் தூக்கம். கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் தீங்கில்லாமல் கழிந்துவிடும். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு அந்தப் பொட்டலமும் அந்த மாத்திரையுமே ஆபத்தாக முடியலாம்.

கல்லீரலின் சதைக்குள் வலியை உணரும் நரம்பு கிடையாது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு, பெரும்பகுதி தழும்பாகிப்போன பிறகும் சத்தமில்லாமல் இருப்பது அதனால்தான். வலிக்கும் நரம்புகள் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் இருக்கின்றன. அழற்சியோ கொழுப்போ கட்டியோ கல்லீரலைப் பெரிதாக்கினால் உறை இழுபடும். வலது விலாவுக்குக் கீழே மந்தமான, கனமான வலி நெடுநேரம் நிற்கும். சிலருக்கு அது வலது தோளில் தெரியும். கல்லீரலுக்கு மேலே உள்ள உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளின் உணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் அதே பகுதிக்குத்தான் போகிறது. வந்த செய்தி எந்த இடத்துடையது என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. தைலம் தேய்த்தும் போகாத தோள்வலிக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஆனால் விட்டுவிட்டு வரும் வலி என்றால் கல்லீரலின் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிட அதிகமாக உண்டாகிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி, அரை மணி முதல் சில மணி நேரம்வரை குறையாமல் நின்று, முதுகில் வலது தோள்பட்டை எலும்பின் அடிவரை போய், பிறகு தானாக இறங்கும் வலி பித்தக்கல்லுக்கே உரியது. நெஞ்சுக்குழியில் எரிச்சலாக, வெறும் வயிற்றிலோ நடுநிசியிலோ எழுப்பும் வலி என்றால் இரைப்பை அல்லது சிறுகுடல் புண்ணாக இருக்கலாம். இடது விலாவுக்குக் கீழே கனம் என்றால் வீங்கிய மண்ணீரலை நினைக்க வேண்டும். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் மட்டும் தூக்கி, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வலி கூடினால், அது உள்ளுறுப்பிலிருந்து அல்ல, வயிற்றுச் சுவரின் தசையிலிருந்து வர வாய்ப்பு அதிகம்.

இனி மாத்திரை. இதில்தான் தவறு மிகுதி. "பனடோல் கல்லீரலைக் கெடுக்கும்" என்று பயந்து, ஃபார்மசியில் பொன்ஸ்தானோ வோல்டரெனோ இப்யூபுரோஃபெனோ கேட்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சிரோசிஸில் குடல் பகுதி இரத்தக்குழாய்கள் விரிந்துவிடுவதால் சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் வருவதில்லை. அப்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் சிறுநீரகத்தின் குழாய்களைத் திறந்து வைத்துக் காப்பாற்றுகிறது. மேலே சொன்ன மூன்று மருந்துகளும் அதன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. சிறுநீரகம் செயலிழக்கலாம், நீர்மாத்திரை வேலை செய்யாமல் போகலாம், இரைப்பைப் புண்ணிலிருந்தோ உணவுக்குழாயில் புடைத்த இரத்தக்குழாயிலிருந்தோ இரத்தம் கசியலாம். கிளினிக்கில் "சுருக்குன்னு ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்று கேட்பவர், தனக்குக் கல்லீரல் நோய் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஊசியும் பல நேரம் இதே குடும்பத்து மருந்துதான்.

பனடோலில் இருக்கும் மருந்தான பாரசிட்டமோலின் சிறு பகுதி மட்டுமே உடலுக்குள் நச்சாக மாறுகிறது. கல்லீரலிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் அதை முறித்துவிடும். மாத்திரை அளவு மீறினாலோ, மதுவும் பட்டினியும் குளூட்டாதயோன் கையிருப்பைக் குறைத்திருந்தாலோதான் நச்சு தேங்கும். அதனால் சிரோசிஸ் உள்ளவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு நாளுக்கு 2 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக. சளி மருந்துகளிலும் பாரசிட்டமோல் மறைந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சம்சுவோ பீரோ தினமும் குடிப்பவரும் உடல் மிக மெலிந்தவரும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவையும் எடுக்கக் கூடாது.

ஈனோவில் சிக்கல் உப்பு. 5 கிராம் பொட்டலம் ஒன்றில் சுமார் 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சிரோசிஸால் வயிற்றில் நீர் கோத்தவருக்கு நாளுக்கு அனுமதிக்கப்படுவதே ஏறக்குறைய 2,000 மில்லிகிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. நுரைத்துக் கரையும் பாரசிட்டமோலிலும் மாத்திரைக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. அதையே விழுங்கும் மாத்திரையாக வாங்கலாம். கிச்சாப், பெலாச்சான், கருவாடு, அப்பளம் எல்லாம் இதே கணக்கில் வருபவை. உப்பு ஏறினால் வயிற்றில் நீர் கூடும்; நீர் கூடக் கூட வயிறு இழுபட்டு வலிக்கும்.

நீர் இரைப்பையை அழுத்துவதால் மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவது முடியாது. ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பது நல்லது. படுக்கும் முன் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் போதும், சுமார் 50 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். சுருங்கிய கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. வெறும் வயிற்றோடு தூங்கினால் உடல் விடிவதற்குள் தன் தசையையே எரிக்கத் தொடங்கிவிடும்.

லெபோ பாசாரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிடைக்கும் "கல்லீரல் சுத்தி" பொடிகளைத் தொடவே வேண்டாம். சீந்தில் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் இருக்கின்றன. டப்பாவில் மால் (MAL) என்ற மலேசிய மருந்துப் பதிவு எண் இருந்து, அது T எழுத்தில் முடிந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று மட்டுமே அர்த்தம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஏற்றது என்று அந்த எண் சொல்வதில்லை.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரே விரலால் காட்டினால் எந்த இடம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை நிமிடம், எங்கே பரவுகிறது, எந்த மாத்திரை, எத்தனை. வயிற்று ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும். போகிற வழியில் ஒரு தே தாரே குடித்தாலும் பித்தப்பை சுருங்கிக் கல் கண்ணில் படாமல் போகலாம். சிரோசிஸ் உள்ளவர் வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், புற்றுநோய்க் கட்டி சிறிதாக இருக்கும்போது வலிப்பதில்லை.

இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மஞ்சள் காமாலையோடு குளிர் நடுக்கம், நேரங்காலம் தெரியாத உளறல், வியர்வையோடு நெஞ்சுக்கு ஏறும் வலி, உள்ளே தள்ளினாலும் போகாமல் கல்லாய் நிற்கும் தொப்புள் வீக்கம்: எது வந்தாலும் 999. நீர் கோத்த வயிற்றில் இலேசான காய்ச்சலோடு இலேசான வலி வந்தால்கூட அதே அவசரம்தான். அவசரப் பிரிவில் ஊசியால் சிறிது நீரை எடுத்துப் பார்ப்பார்கள்; கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைத் தாண்டினால் அது தொற்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் முடிவு வர நாளாகும் என்பதால், அதற்குக் காத்திராமல் அன்றே இரத்தக்குழாயில் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்குவார்கள்.