கூரையைப் பறக்க விடுவது எது?

புயல் எச்சரிக்கை வந்ததும் தகரக் கூரைமேல் நாலு செங்கல்லையும் ஒரு பழைய டயரையும் தூக்கி வைப்பவர்கள் நம் கரையோர ஊர்களில் நிறைய. காற்று கூரையைத் தள்ளும், பாரம் இருந்தால் அசையாது என்ற நினைப்பு. ஆனால் பெரும்பாலும் காற்று கூரையைத் தள்ளுவதில்லை, மேலே உறிஞ்சுகிறது.

சுவரில் மோதும் காற்று மேலேறி, கூரையின் ஓரத்தைத் தாண்டும்போது வேகமெடுத்துச் சுழல்கிறது, அந்த இடத்தில் கூரைக்கு மேலே அழுத்தம் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் அழுத்தம் குறைவதில்லை. அந்த வித்தியாசம்தான் தகரத்தைக் கீழிருந்து தூக்குகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு மிக அதிகம் என்பதால், கூரை அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ எடை அளவுக்கு விசை கொடுக்கும், 120 கிலோமீட்டர் என்றால் அது 68 கிலோ. அதே ஒரு சதுர மீட்டர் தகரத்தின் எடை ஐந்து கிலோ சுற்றித்தான். செங்கல் என்ன செய்துவிடும்? அதுவே பறந்து போய் யார் தலையிலாவது விழும். கூரையை மரச்சட்டத்தோடு கொக்கி போல்ட்டால் பிடிக்க வேண்டும், ஓரத்தில் போல்ட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தைக் கம்பியால் சுவரோடு கட்ட வேண்டும். இதில் எந்த இணைப்பு துருப்பிடித்திருக்கிறதோ அங்கேதான் எல்லாம் விடும், அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஜன்னல். உள்ளழுத்தம் வெளியேறட்டும் என்று திறந்து வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் வீடு பலூன் மாதிரி உப்பும், மேலே உறிஞ்சல், உள்ளே தள்ளல், இரண்டும் சேர்ந்து கூரையைப் பெயர்க்கும். அந்தப் பக்கத் தாழ்ப்பாளையும் கீலையும்தான் முதலில் பலப்படுத்த வேண்டும்.

சரி, காற்று எந்தப் பக்கம் வரும்? நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து வந்து நேராக உங்கள் ஊரைக் கடந்தால் முதலில் வடக்குப் பக்கக் காற்று, நடுவில் புயலின் அமைதியான மையமான கண், பிறகு தெற்குப் பக்கக் காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண் சென்னையைக் கடந்தபோது நடந்தது இதுதான்: பிற்பகலில் எல்லாம் ஓய்ந்தது, பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. முதல் பாதியில் தளர்ந்துபோன மரமும் கூரை ஓடும் இரண்டாம் பாதியில்தான் விழும். திடீரென்று அமைதியானால் வெளியே வராதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

கூரை மேல் நம்பிக்கை இல்லையென்றால், காற்று எழும்புவதற்கு முன்பே கான்கிரீட் கட்டடமான பள்ளிக்கோ முகாமுக்கோ போய்விடுவதுதான் சரி.

மாடியிலிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி காற்றில் உருண்டுவிடும், ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிரம்பியது ஒரு டன் எடையோடு நிற்கும். 2018 நவம்பரில் கஜா அடித்த டெல்டா கிராமங்களில் பல வாரம் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அந்த ஆயிரம் லிட்டர் உங்களுக்கும் வேண்டியிருக்கும், தொட்டி இல்லாத பக்கத்து வீட்டுக்கும் வேண்டியிருக்கும்.