வெள்ளிக்கிழமை வரையா, வெள்ளிக்கிழமைக்குள்ளா?

"வீ வில் செண்ட் த பார்ட்ஸ் அன்டில் ஃப்ரைடே." ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய நிறுவனங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு மெயில் புதிதல்ல. படிப்பவர், வெள்ளிக்கிழமை வரை சரக்கு வந்துகொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். எழுதியவர் சொல்ல வந்ததோ, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம் என்பது. கொரிய அதிகாரிகளுக்கு ஆங்கிலப் பயிற்சி அளிக்கும் வேலையில் நான் அதிகம் திருத்துவது இந்த 'அன்டில்'தான்.

கொரிய மொழியில் 'க்காஜி' என்று ஓர் ஒட்டு உண்டு. நம்முடைய 'வரை', 'க்குள்' இரண்டின் வேலையையும் அது ஒன்றே பார்க்கிறது. தமிழ் பேசுபவருக்கு 'வரை' என்றால் 'அன்டில்', 'க்குள்' என்றால் 'பை' என்று பிரித்துக்கொள்வது எளிது. கொரியருக்கு அந்த வசதி இல்லை. அதனால் வகுப்பில் வினையைப் பார்க்கச் சொல்கிறேன். காத்திருப்பது, தங்குவது, வேலை செய்வது எல்லாம் அந்த நாள் வரை நீடிப்பவை, அங்கே 'அன்டில்'. அனுப்புவது, முடிப்பது, ஒப்படைப்பது எல்லாம் அதற்குள் ஒருமுறை நடந்து முடிபவை, அங்கே 'பை'.

மற்ற முன்னிடைச்சொல் (பிரிப்போசிஷன்) பிழைகளில் பலவும் இதே வழியில் வருபவைதான். கொரியமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைத்து, பெயரோடு உருபு சேர்க்கும் மொழி. ஆங்கிலம் எழுதும்போது அந்த உருபும் கூடவே வந்துவிடுகிறது. கொரியத்தில் ஒருவரோடு கல்யாணம் செய்வார்கள், அதனால் 'மேரி வித்'. ஒருவருக்குத் தகவல் தொடர்பு கொள்வார்கள், அதனால் 'கான்டாக்ட் டு'. ஒன்றைப் பற்றி விவாதிப்பார்கள், அதனால் 'டிஸ்கஸ் அபௌட்'. (இந்தக் கடைசிப் பிழையை நம் ஊர்க்காரர்களும் தாராளமாகச் செய்கிறோம்.) இந்த மூன்றிலும் ஆங்கிலத்துக்கு வேண்டாத சொல் கூடிவிடுகிறது. கொரியத்தில் இரண்டாம் வேற்றுமை ('ஐ') வரும் இடத்தில் நேர்மாறாக நடக்கும். வேண்டிய சொல் விழுந்துபோய் 'லிசன் மியூசிக்', 'வெயிட் ஹிம்', 'கிராஜுவேட் யுனிவர்சிட்டி' என்று நிற்கும். கூடுவதற்கும் குறைவதற்கும் காரணம் ஒன்றே என்று காட்டிவிட்டால், மாணவர் தன் வாக்கியத்தைத் தானே சந்தேகப்படத் தொடங்குகிறார். அதைவிடப் பெரிய முன்னேற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

வினைச்சொற்களிலும் இப்படித்தான். அவர்களும் நம்மைப் போல மருந்து 'சாப்பிடுகிறார்கள்'; தேர்வையோ 'பார்க்கிறார்கள்'. 'ஈட் மெடிசின்', 'சீ த டெஸ்ட்' என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான். சாயங்காலம் கூப்பிட்டால் "சாரி, ஐ ஹேவ் எ ப்ராமிஸ்" என்பார். அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. வேறொருவரைச் சந்திப்பதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கொரியத்தில் வாக்குறுதிக்கும் சந்திப்புக்கும் 'யக்சொக்' என்ற ஒரே சொல்.

இதை வைத்து ஒருவருக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டுவது அநியாயம். 'சுனுங்' எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 70 நிமிடம். அதில் 17 கேள்விகள் ஒலிபரப்பைக் காதால் கேட்டுப் பதில் தருபவை. அந்த ஒலிபரப்பு நேரத்தில், சத்தம் இடைஞ்சலாகாமல் இருக்க, நாடு முழுவதும் விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. அவ்வளவு கவனமாக நடத்தும் தேர்வில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுத வேண்டியதில்லை; எல்லாமே ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆங்கிலச் சொல் இந்தப் பக்கம், கொரியப் பொருள் அந்தப் பக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து வந்தவர்கள், கடினமான பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். மெயிலில் 'பை' போடும்போதுதான் தடுமாறுவார்கள். அதனால் என் மாணவர்களின் நோட்டில் தனிச்சொல்லுக்கு இடமில்லை. 'கிராஜுவேட்' என்று எழுதினால் கூடவே 'ஃப்ரம்'மும் ஒரு கல்லூரிப் பெயரும் இருக்க வேண்டும்.

கொரியர்களோடு வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் திருத்த வேண்டாம். பதவி மரியாதை அழுத்தமாக இருக்கும் அலுவலகங்கள் அவை. "நோட்டட், யூ வில் செண்ட் ஆல் த பார்ட்ஸ் பை ஃப்ரைடே, 5 பி.எம்." என்று பதில் மெயில் போடுங்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். சரியான வாக்கியமும் அவர் கண்ணில் பட்டுவிடும்.