காது வலி என்று வந்தவரின் தொண்டை

மஞ்சள் வெட்டு முடிந்த சமயம். 60 தாண்டிய விவசாயி ஒருவர் மகனோடு வந்திருந்தார் (ஊரைச் சொல்லவில்லை, ஈரோட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). "வலது காதுக்குள்ள குத்திக்கிட்டே இருக்குதுங்க சார். பூண்டு போட்டு எண்ணெய் காச்சி ஊத்தியும் பாத்துட்டனுங்க." காதைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர ஒன்றுமில்லை, செவிப்பறை பளிச்சென்று இருந்தது. "வாயைத் திறங்கய்யா" என்றதும் மகன் குறுக்கிட்டார்: "காதுங்க சார்!"

தொண்டையை நாங்கள் மூன்று அடுக்காகப் பிரிப்போம். மூக்குக்குப் பின்னால் ஒன்று, வாய்க்குப் பின்னால் ஒன்று, குரல்வளைக்குப் பின்னால் ஒன்று. டார்ச் அடித்தால் தெரிவது நடு அடுக்கு. மேலே உள்நாக்கு தொங்கும் மெல்லண்ணம், இரண்டு பக்கமும் டான்சில், முன்னால் அடிநாக்கு, கீழே குரல்வளை மூடியின் மேல்விளிம்பு வரை. அடிநாக்கில் வரிசையாகப் பெரிய மொட்டுகள் இருக்கும். அவை எல்லோருக்கும் உள்ளவைதான். செல்போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டு வரும் பனியன் கம்பெனிப் பையன்கள் மாதம் ஒருவராவது உண்டு.

மூச்சுக்கும் சோற்றுக்கும் இந்த இடம் பொதுவழி. அரிசிம்பருப்பு சாதம் ஒரு வாய் விழுங்கும்போது தொண்டை முடிச்சில் விரலை வைத்துப் பாருங்கள், மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் மெல்லண்ணம் உயர்ந்து மூக்குவழியை அடைக்கிறது, அடிநாக்கு சோற்றைப் பின்னால் தள்ளுகிறது, குரல்வளை மேலேறி மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது. வாயில் சோற்றோடு சிரித்தால் புரை ஏறுவது இந்த வரிசை குலைவதால்தான்.

சரி, காது எங்கே வந்தது? டான்சிலுக்கும் அடிநாக்குக்கும் உணர்வு தரும் 9-ஆம் மூளை நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. தொண்டையில் கிளம்பும் வலியை மூளை காதில் வலிப்பதாக எடுத்துக்கொள்ளும். டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதும் இதனால்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒருவருக்குக் காதுச் சொட்டு மருந்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பெரியவருக்கு வலது டான்சில் மட்டும் பெருத்து, மேலே புண்ணாகி, தொட்டால் கெட்டியாக இருந்தது. தாடைக்குக் கீழே வலியில்லாத ஒரு கட்டி. வெற்றிலையோடு போயிலை, 40 வருடப் பழக்கம். சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய். புகையிலையும் சாராயமும் பெரிய காரணங்கள். எச்.பி.வி. வைரஸாலும் வரும், அதனால் பீடியே தொடாதவருக்கும் விலக்கு இல்லை.

இரண்டு பக்கமும் வலித்து, காய்ச்சலோடு வந்து ஒரு வாரத்தில் போகும் தொண்டை வலிக்கு நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஒரே பக்கம் வலி, ஒரு டான்சில் மட்டும் பெரிதாவது, கழுத்தில் கட்டி, காது சுத்தமாக இருந்தும் காது வலி: இதில் எது 3 வாரம் தாண்டினாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் உள்நாக்கில் உப்பு வைப்பது, தொக்கம் எடுப்பது என்று நாளைக் கடத்த வேண்டாம்.

ஏழு வாரக் கதிர்வீச்சு முடிந்து அவர் போன மாதம் வந்தார். "காது வலி போயிருச்சுங்க. வாய்தான் காஞ்சுக்குது, ரசம் ஊத்திக் கரைச்சாத்தான் சோறு எறங்குதுங்க." கதிர்வீச்சில் எச்சில் சுரப்பு குறைந்துவிட்டது. இடுப்பில் சுருக்குப்பை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் பாட்டில்.