உள்ளே இரண்டே எண்கள்

லினக்ஸில் /டெவ் கோப்புறைக்குள் போய் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டிஸ்க், விசைப்பலகை, மவுஸ் எல்லாமே கோப்புகளாக நிற்கும். ஆனால் வழக்கமாகக் கோப்பின் அளவு வரும் இடத்தில் '8, 0' என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். அளவு காட்ட உள்ளே எதுவும் இருந்தால்தானே! டிஸ்க் 1 டெராபைட்டாக இருந்தாலும் அதன் சாதனக் கோப்பு சுமப்பது இந்த எண்களை மட்டும்தான்.

எந்த டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) கூப்பிடுவது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதல் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்த டிரைவரின் பொறுப்பில் உள்ளவற்றில் இது எது என்பதை இரண்டாவது எண் சொல்லும். 8, 0 ஒரு முழு டிஸ்க் என்றால் 8, 1 அதன் முதல் பிரிவு. அடுத்த டிஸ்க் 8, 16-இல் தொடங்கும்; டிஸ்க்குக்கு 16 எண்கள் ஒதுக்கியிருப்பதால் இந்தத் தாவல்.

பெயர் நமக்காகத்தான். டிரைவரைப் பிடிக்க எண்தான் வேண்டும். /டெவ்/நல் என்ற கோப்பு எதை எழுதினாலும் விழுங்கிவிடும். முழு அதிகாரமுள்ள பயனரான ரூட்டாக இருக்கும்போது கை தவறி அதை அழித்துவிட்டோம் என்று வையுங்கள். அப்புறம் ரூட் உரிமையில் ஓடும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் வழக்கம்போல் தன் வெளியீட்டை அங்கே தள்ளும். கோப்பைக் காணோமே என்று, கட்டளைகளை இயக்கும் ஷெல் அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கிக் கொடுத்துவிடும். பெயர் அதேதான், ஆனால் விழுங்குவதற்கு டிரைவர் இல்லை. குப்பை சேர்ந்துகொண்டே போகும். இன்றைய லினக்ஸில் /டெவ் நினைவகத்திலேயே இருப்பதால் அது ராமையும் தின்னும். போலியை நீக்கிவிட்டு 'எம்கேநோட் -எம் 666 /டெவ்/நல் சி 1 3' என்று கொடுத்தால் பழையது திரும்பிவிடும். 666 என்பது அனுமதி; 1, 3 என்பவை நாம் பார்த்த அந்த இரண்டு எண்கள்; 'சி' என்பது எழுத்துவகைச் சாதனம்; டிஸ்க் போன்ற தொகுதிவகைக்கு 'பி'.

முன்பு இந்தக் கோப்புகளை ஒரு ஸ்கிரிப்ட் மொத்தமாக உருவாக்கி வைக்கும். கணினியில் இல்லாத சாதனங்களுக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கில்! 2003-இல் சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் வந்தபின் செருகினால் கோப்பு வரும், பிடுங்கினால் போய்விடும் என்றானது. 2009 முதல் கோப்பை உருவாக்கும் வேலையைக் கெர்னலே டெவ்டெம்ப்எஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமை வழியாகச் செய்கிறது. அனுமதிகளும் மாற்றுப் பெயர்களும் மட்டும் யூடெவ் பொறுப்பு.

அந்த மாற்றுப் பெயர்களை அலட்சியப்படுத்தாதீர்கள். இன்று 'எஸ்டிஏ' என்று வரும் டிஸ்க், மறுமுறை கணினியைத் தொடங்கும்போது 'எஸ்டிபி' ஆகிவிடலாம். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்தது. எந்த டிஸ்க் பிரிவை எங்கே இணைப்பது என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், இந்தப் பெயருக்குப் பதில் யுயுஐடி (அந்தப் பிரிவுக்கே உரிய அடையாளம்; யூடெவ் தரும் மாற்றுப் பெயர்களில் இதுவும் உண்டு) எழுதச் சொல்வது இதனால்தான்.