போர்க்கப்பல் கூப்பிட்டால்: இளம் ஆபீசர்களுக்கு

ருமேனியாவின் கான்ஸ்டன்சாவில் கோதுமை ஏற்றிக்கொண்டு பெய்ரூட்டை நெருங்கிக்கொண்டிருந்தோம். நான் கேப்டன். இரவு பத்து மணி, தேர்ட் ஆபீசரின் வாட்ச், அதாவது கப்பலைச் செலுத்தும் பொறுப்பு அவனிடம் இருக்கும் நேரம். கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனலில் எங்கள் கப்பலின் பெயரைச் சொல்லி ஐ.நா. போர்க்கப்பல் ஒன்று கூப்பிட்டது. ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் பதிவு அடையாள எண்), கொடி, சரக்கு, கடைசித் துறைமுகம் எல்லாம் கேட்டார்கள். தம்பி சரியாகத்தான் சொன்னான். "வழியில் எங்காவது நின்றீர்களா?" என்றதும் பதற்றத்தில் "இல்லை" என்றுவிட்டான். இஸ்தான்புல் அருகே நங்கூரம் போட்டு பங்கர் (கப்பலுக்கான எரிபொருள்) எடுத்திருந்தோம். அது, கப்பலின் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் பதிவில் அப்படியே இருக்கும்.

மறுநாள் லெபனான் கடற்படையினர் ஏறி, சரக்கு அறைகளை ஹோல்டு ஹோல்டாகப் பார்த்தார்கள். கோதுமையைத் தவிர ஒன்றும் இல்லை. அரை நாள் போயிற்று.

இந்தக் கேள்விகள் ஏன் என்று கப்பலில் பலருக்கும் தெரிவதில்லை. 2006 ஜூலை 12-இல் தொடங்கிய இஸ்ரேல்–ஹிஸ்புல்லா போரில் லெபனான் கடற்கரையை இஸ்ரேல் முற்றுகையிட்டது. ஆகஸ்ட் 14-இல் சண்டை நின்றும் முற்றுகை நீடித்தது. ஆயுதம் கடல்வழியே வராது என்ற உறுதி வேண்டியிருந்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1701-ஆம் தீர்மானப்படி, லெபனான் அரசே கேட்டதால் பன்னாட்டுக் கப்பல்கள் காவலுக்கு வந்தன. செப்டம்பர் 8-இல் கடல் முற்றுகை விலகியது. முதலில் இத்தாலியும், அக்டோபர் 15 முதல் ஜெர்மனியும் தலைமை ஏற்றன. ஐ.நா. அமைதிப்படை ஒன்றில் கடற்பிரிவு அமைந்தது அதுவே முதல்முறை.

முற்றுகை வேறு, இது வேறு. முற்றுகை கப்பலை வரவே விடாது. இங்கே போர்க்கப்பல் கேள்வி மட்டும்தான் கேட்கும்; பதிலில் ஏதாவது இடித்தால் லெபனான் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லும். ஏறிச் சோதிப்பவர்கள் அவர்களே. தன் கடலுக்குள் வரும் கப்பலைத் தானே சோதிக்கும் உரிமை அந்த நாட்டிடமே இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்த அமைதிப்படையின் பணிக்காலம் 2026 டிசம்பர் 31 வரைதான் என்று 2025 ஆகஸ்டில் மன்றம் முடிவெடுத்தது. காவல் யார் கைக்குப் போனாலும் கேள்விகள் மாறப்போவதில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு வி.எச்.எஃப். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிவைக்கிறேன்: பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) உள்ளபடியே சரக்கின் பெயரும் எடையும், முந்தைய துறைமுகங்கள், பங்கருக்காக நின்ற இடம், ஆட்களின் எண்ணிக்கை. நினைவிலிருந்து எதையும் சொல்லாதீர்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் கேப்டனை எழுப்புங்கள், எந்த நேரமானாலும். அன்றிரவு அந்தத் தம்பி எழுப்பியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன். அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காதது என் தவறு.