மதுவுக்கு முன்பே வந்துசேரும் அமைதி

நாள் முழுக்க அலைந்து களைத்த ஒருவர், கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் நல்ல விஸ்கியை ஊற்றிக்கொண்டு உட்காருகிறார். முகர்ந்து பார்க்கிறார். ஒரு மிடறு உள்ளே போகிறது. தொண்டை காந்துகிறது, நெஞ்சுக்குள் சூடு இறங்குகிறது, காது வரை ஏறியிருந்த தோள் தளர்கிறது. "அப்பாடா!"

அந்த "அப்பாடா" எப்போது வந்தது என்று பாருங்கள். மிடறு இறங்கிய சில நொடிகளில். ஆல்கஹாலோ அப்போதுதான் இரைப்பையை எட்டியிருக்கும். அங்கே ஒரு சிறு பங்கும், சிறுகுடலில் பெரும்பங்கும் ரத்தத்தில் கலந்து, மூளையில் வேலையைத் தொடங்கச் சில நிமிடங்களாவது வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் தோளைத் தளர்த்தியது யார்?

மூக்கிலிருந்து தொடங்கலாம். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேல்பகுதிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. மூக்கின் நரம்புச் செய்தி, அச்சத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கும் அமிக்டலாவுக்கு ஏறக்குறைய நேராகவே போய்விடும். நினைவைப் பதியும் பகுதியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே வாசனையும் ஓய்வும் பல மாலைகள் சேர்ந்தே வந்தால், மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறியதை ரஷ்ய அறிவியலாளர் பாவ்லவ் காட்டினாரே, அதே பாடம்தான். நாற்காலி, கோப்பை, வாசனை என்ற வரிசை தொடங்கியதுமே "இன்றைய வேலை முடிந்தது" என்று உடல் எடுத்துக்கொள்கிறது.

அந்த வாசனையை ஆக்கியதில் மரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காய்ச்சி வடித்ததும் விஸ்கி தண்ணீர் போல நிறமற்றது. பிரிட்டனின் சட்டப்படி அது ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயரைப் பெறும். அந்த ஆண்டுகளில் மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் கசிகிறது; ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணத்தைத் தருகின்றன. கரிநிலத்து மண்ணான பீட்டை எரித்து வாட்டிய மால்ட் (முளைகட்டிய பார்லி) என்றால், புகைவாசம் தரும் குவாயகால் போன்ற பீனால்களும் சேரும். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாய் வழியே ஆவியாகிப் போகும். அதைத் "தேவதைகளின் பங்கு" என்பார்கள்.

சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் திறக்கும் என்று பழகியவர்கள் சொல்வதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017இல் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் எத்தனால் (மதுவிலுள்ள ஆல்கஹாலின் வேதிப்பெயர்) மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் நிற்பதுதானே!

அப்புறம் அந்தக் காந்தல். மிளகாய்க் காரத்தையும் கொதிக்கும் நீரின் சூட்டையும் உணர்வது டிஆர்பிவி1 என்ற ஒரே ஏற்பி. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரி சூட்டில்தான் அது விழிக்கும். எத்தனால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. ஆக, நம் உடம்பின் சொந்தச் சூடே நமக்குச் சுடுகிறது. பிறகு தோலின் ரத்தநாளங்கள் விரிவதால் கதகதப்பு பரவுகிறது. உண்மையில் அப்போது உடல் வெப்பத்தை வெளியே இழந்துகொண்டிருக்கிறது. குளிருக்குக் குடிப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

சரி, ஆல்கஹால் மூளைக்கே வந்துசேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? நரம்பணுக்களைப் பார்த்து "சும்மா இரு" என்று சொல்லும் வேதிப்பொருள் காபா. "கிளம்பு" என்று சொல்வது குளூட்டமேட். எத்தனால் காபாவின் குரலை உயர்த்துகிறது, குளூட்டமேட்டின் குரலை அமுக்குகிறது. கூடவே இதமான உணர்வைத் தரும் டோபமினும் எண்டார்பினும் கொஞ்சம் சுரக்கின்றன. மிரண்ட முகங்களின் படத்தைக் காட்டினாலும் அமிக்டலா முன்போல் பதறுவதில்லை. இதை மூளை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கவலை தீர்வது வேறு விஷயம். கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1988இல் செய்த சோதனை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சற்று நேரத்தில் சங்கடமான தலைப்பில் பேச வேண்டியிருக்கும் என்று ஆட்களிடம் சொல்லி, பதற்றத்தோடு காத்திருக்க வைத்தார்கள். மது குடித்தவர்களில், ஓவியங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையும் இருந்தவர்களுக்குத்தான் பதற்றம் தணிந்தது. குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தணியவில்லை. ஆல்கஹால் கவனத்தைக் குறுக்குகிறது. கண்ணெதிரே இருப்பது மட்டுமே மனத்தில் நிற்கும். எதிரே நல்ல பேச்சுத்துணை இருந்தால் மனம் அதில் தோயும். கவலை மட்டுமே துணையென்றால் கவலைதான் முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

உடல் கற்கும் இன்னொரு பாடமும் உண்டு. தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் குடிப்பவரின் உடல், வரப்போகும் ஆல்கஹாலை எதிர்க்க முன்கூட்டியே தயாராகிவிடும். அதனால் வழக்கமான இடத்தில் குறைவாகத் தெரியும் போதை, அதே அளவைப் பழக்கமில்லாத இடத்தில் குடிக்கும்போது கூடுதலாகத் தாக்கும். பழைய அமைதி கிடைக்கவில்லையே என்று அளவைக் கூட்டுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. என் கணிப்பில், ஒரு கோப்பை இரண்டாகும் கதையில் மன உறுதியைவிட இந்தப் பழக்கத்துக்கே பங்கு அதிகம்.

இரவுக்கு வருவோம். 30 மில்லி விஸ்கியில் ஆல்கஹால் 40 சதவீதம் என்றால், எத்தனால் சுமார் 9.5 கிராம். கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடாக, பிறகு அசிட்டேட்டாக மாற்றுகிறது. இந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். காப்பியோ குளியலோ இதை வேகப்படுத்தாது. இரண்டு மூன்று கோப்பைகள் உள்ளே போயிருந்தால் தூக்கம் சட்டென்று வரும். ஆனால் முதல் பாதி இரவில் கனவுத்தூக்கம் குறையும். ஆல்கஹால் வடியும்போது, அதற்கு ஈடாக முறுக்கேறியிருந்த குளூட்டமேட்டின் "கிளம்பு" குரல் தனியாக ஒலிக்கத் தொடங்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோனையும் ஆல்கஹால் குறைத்திருக்கும். விடியற்காலை 3 மணிக்கு வறண்ட நாக்கோடும் படபடக்கும் நெஞ்சோடும் விழிப்பு வருவது இப்படித்தான்.

தூக்க மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பலவும் அதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது. நல்ல விஸ்கி, மட்ட விஸ்கி என்ற பேதம் இதில் கிடையாது. எத்தனால் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

கழுவாமல் விட்ட கோப்பையைக் காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். 78 டிகிரியிலேயே கொதித்துவிடும் எத்தனால், அறைக்காற்றில் இரவோடு இரவாக ஆவியாகிப் போயிருக்கும். எளிதில் ஆவியாகாத வெனிலின் அடியில் தங்கியிருக்கும். பீட் விஸ்கி என்றால் புகைவாசமும் மெலிதாக இருக்கும். மூக்கைச் சுள்ளென்று குத்தும் அந்த நெடி மட்டும் இருக்காது. கோப்பையை முகத்தருகே கொண்டுபோன அந்தக் கணத்தில், நேற்று மாலை போலவே தோள் ஒரு சுற்றுத் தளர்கிறதா என்றும் கவனியுங்கள்.