டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரில் கிரைண்டரை வைக்கும் முன்

டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கொஞ்சம் மேலே ஏத்தி விடுங்க, பிக்கப் கூடும்." எக்ஸாஸ்ட் போர்ட் என்பது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளை; ஏறி இறங்கும் பிஸ்டனே அதை மூடித் திறக்கும். வருவதற்கு முன்பே ஏர் ஃபில்டரைக் கழற்றியிருப்பார்கள். சைலன்சருக்குள் இருந்த தடுப்பையும் வெட்டி எறிந்திருப்பார்கள். சிறிய இன்ஜின்களைச் சீரமைப்பதும் மாற்றியமைப்பதும் என் தொழில். இந்த மூன்று வேலையும் சேர்ந்து நடந்த இன்ஜின், எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் உரிந்து, ரிங் ஒட்டிப்போன நிலையில்தான் பெரும்பாலும் மேசைக்கு வருகிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் காற்றை உள்ளே கொண்டுவருவது பெரிய காரியமே இல்லை. வந்ததை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். இந்த இன்ஜினில் இதுவரை வந்த உருப்படியான மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கஷ்டத்தைத் தீர்க்க வந்தவைதான்.

கணக்கைப் பார்த்தால் புரியும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி செகண்ட் ஆகும். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, கீழே உள்ள கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்குள் வரும் வாசல்தான் டிரான்ஸ்பர் போர்ட். அது கிராங்க்கின் சுற்றில் 125 டிகிரி திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், புதுக் கலவை உள்ளே நுழையக் கிடைப்பது சுமார் மூன்றரை மில்லி செகண்ட். எரிந்த புகையில் மிஞ்சியது வெளியேறவும் பெரும்பாலும் அதே நேரம்தான். இரண்டுமே ஒரே சிலிண்டருக்குள், ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரு வாசலில் ஆட்கள் நுழையும்போது எதிர் வாசலும் திறந்தே கிடக்கும் மண்டபம் மாதிரி. சிலர் உள்ளே தங்காமல் நேராக அந்தப் பக்கம் போய்விடுவார்கள். கார்புரேட்டர் வைத்த சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் கால் பங்கு, சமயத்தில் அதற்கும் மேல், இப்படி எரியாமலே வெளியே போகிறது. புகையில் அடிக்கும் பெட்ரோல் வாடை அதுதான். அந்த ஆவியில் பென்சீன் போன்ற உடலுக்குக் கேடான பொருள்களும் உண்டு. மூடிய அறைக்குள் இந்த இன்ஜினை ஓட்டிப் பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. எக்ஸாஸ்ட் போர்ட் டிரான்ஸ்பரை விட உயரமாக இருப்பதால், டிரான்ஸ்பர் மூடிய பிறகும் அது திறந்தே இருக்கும். எக்ஸாஸ்ட் திறப்பு 180 டிகிரி என்றால், அந்த இடைவெளி 27 டிகிரிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் மேலே ஏறும் பிஸ்டன் புதுக் கலவையைத் தானே வெளியே தள்ளுகிறது. போர்ட்டை ஏற்றச் சொல்பவர்கள் இந்த இடைவெளியைத்தான் இன்னும் பெரிதாக்கச் சொல்கிறார்கள். 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ. தேய்த்தால் மொத்தத் திறப்பு ஏறத்தாழ 4 அல்லது 5 டிகிரி கூடிவிடும். அமுக்கத்துக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக் அந்த அளவுக்குக் குறையும். மேல் வேகத்தில் இதனால் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தினசரி ஓட்டத்துக்குத் தேவைப்படும் கீழ் வேகத்தில் இழுவை போய்விடும், பெட்ரோல் செலவும் ஏறும்.

சரி, பந்தய இன்ஜின்களில் போர்ட் அவ்வளவு உயரமாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே சைலன்சரும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் செய்த பெரிய வேலை இதுதான். எக்ஸாஸ்ட் திறந்தவுடன் புறப்படும் அழுத்த அலை, எக்ஸ்பேன்ஷன் சேம்பர் எனப்படும் நடுவே பெருத்த எக்ஸாஸ்ட் குழாயின் விரியும் கூம்பில் உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது, கடைசியில் உள்ள குறுகும் கூம்பில் மோதித் தள்ளும் அலையாகத் திரும்புகிறது. முதல் அலை சிலிண்டரைக் காலிசெய்ய உதவும். இரண்டாவது அலை, வெளியே ஓடிய புதுக் கலவையை எக்ஸாஸ்ட் மூடுவதற்குச் சற்று முன்பு மறுபடி உள்ளே திணிக்கும். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற எல்லையைத் தொட்டது. சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் அந்த எல்லையை முதலில் எட்டியது அதுதான்.

ஆனால் அலை குறித்த நேரத்துக்கு வந்தாக வேண்டும். சூடான புகையில் ஒலியின் வேகத்தைத் தோராயமாக நொடிக்கு 500 மீட்டர் என்று கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் 150 டிகிரி கழித்து அலை திரும்ப வேண்டுமானால் அதற்குக் கிடைப்பது 4 மில்லி செகண்டுக்குச் சற்று அதிகம். போகவர இரண்டு மீட்டர், அதாவது திருப்பும் கூம்பு போர்ட்டிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 9000 ஆர்பிஎம் என்றால் அதே தூரம் 70 செ.மீ. ஆகிவிடும். குழாயின் நீளம் மாறாது, எனவே அது எந்த வேகத்துக்கு அமைந்ததோ அதற்குக் கீழே அலை சீக்கிரமே வந்து எரிந்த புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். மேலே போனால் போர்ட் மூடிய பிறகு வந்து நிற்கும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கிற எக்ஸ்பேன்ஷன் பைப் எதற்கும் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான். 1970களின் பிற்பகுதியில் யமஹா கொண்டுவந்த பவர் வால்வு இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல பதில்: குறைந்த வேகத்தில் போர்ட்டின் உயரத்தைக் குறைத்து, வேகம் ஏற ஏறத் திறந்துவிடும்.

எனக்குக் கேட்டால், இதையெல்லாம் விடச் சிறந்த மாற்றம் டிரான்ஸ்பர் போர்ட்டில் வந்ததுதான். ஆரம்பகால இன்ஜின்களில் பிஸ்டன் தலையில் ஒரு மேடு இருக்கும். உள்ளே வரும் கலவை அதில் மோதி மேலே திரும்பும். அந்த மேடு சூடேறும், பிஸ்டன் எடை கூடும், எரியும் அறையின் வடிவமும் கெடும். 1920களில் அடால்ஃப் ஷ்னூர்லே என்ற ஜெர்மன் பொறியாளர், இரண்டு பக்க டிரான்ஸ்பர் போர்ட்டுகளையும் எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ச் சுவரை நோக்கிச் சாய்த்தார். இரண்டு ஓட்டங்களும் அங்கே சந்தித்து, சுவரோடு மேலே ஏறி, தலையில் திரும்பி, புகையைத் தள்ளிக்கொண்டு இறங்கும். பிஸ்டன் தலை தட்டையாகிவிட்டது. ஜெர்மனியின் டிகேடபிள்யூ பைக்குகள் இதனால்தான் பெயர் வாங்கின.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, இரண்டு ஓட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று வலுவாகவும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால் ஏறும் ஓட்டம் சாய்ந்து எக்ஸாஸ்ட் பக்கம் போய்விடும். பழைய சிலிண்டர்களில், சில புது மலிவு சிலிண்டர்களிலும், ஒரு பக்க டிரான்ஸ்பரில் வார்ப்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். கிராங்க்கேஸ் வாயும் சிலிண்டர் வாயும் ஒட்டாமல் படி மாதிரி நிற்கும். கேஸ்கட் ஓட்டை வழியை மறைத்துக்கொண்டிருக்கும். இவற்றைச் சமன்செய்வதில் போர்ட் உயரமோ டிகிரியோ மாறாது, எதுவும் கெடாது. கிரைண்டருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அங்கே கொடுங்கள். மேல் விளிம்புகளைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் போர்ட் விளிம்பை லேசாக மழுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ரிங் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி. பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் நிற்கும் ஸ்க்விஷ் இடைவெளி சிறிய இன்ஜின்களில் 1 மி.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு, கிராங்க்கை ஒருமுறை சுற்றி, நசுங்கிய முனையை அளந்தால் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் அளந்து விடாமல் நான்கு பக்கமும் பாருங்கள். தடித்த கேஸ்கட்டைப் போட்டு இந்த இடைவெளியை 2 மி.மீ. ஆக்கிவிட்டால் "அமுக்கம் குறைந்தது, இன்ஜின் பத்திரம்" என்று நினைக்கிறார்கள். அந்த ஓரத்தில் தங்கும் கலவை கடைசியில் தானாக வெடித்து நாக்கிங் வரும். நான் பார்த்த ஓட்டை விழுந்த பிஸ்டன்கள் சிலவற்றில் இதுவும் ஒரு காரணம்.

கலவை உள்ளே வரும் வழியில் மெல்லிய இதழ்களோடு இருக்கும் ரீட் வால்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கிராங்க்கேஸுக்குள் வந்தது கார்புரேட்டர் பக்கம் திரும்பாமல் தடுக்கிறது, கீழ் வேக இழுவை கூடுகிறது. இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இடுக்கு தெரிந்தாலோ ஓரம் உடைந்திருந்தாலோ மாற்றுங்கள்.

மாற்றங்களுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, சுமார் 0.4 பார் அழுத்தம் ஏற்றி, சில நிமிடங்கள் நிற்கிறதா என்று பார்ப்பது. கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அங்கே காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறைந்து அது வறளும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பழியெல்லாம் ஆயில் மேல் போகும். அப்புறம் பயந்துபோய் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்ற கலவையில் இரட்டிப்பு ஆயில் ஊற்றுவார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் வறள்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவு, ஜாஸோ என்ற ஜப்பானிய ஆயில் தரத்தில் எஃப்சி அல்லது எஃப்டி, அது போதும்.

எரிபொருள் இழப்பை உண்மையிலேயே நிறுத்த வேண்டுமானால் வழி ஒன்றுதான்: சிலிண்டரைக் கழுவும் வேலையைக் காற்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பெட்ரோலைப் பிறகு விடுவது. பெரிய கப்பல்களின் டூ-ஸ்ட்ரோக் டீசல்கள் இப்படித்தான் ஓடுகின்றன. கீழே போர்ட் வழியாக வெறும் காற்று, மேலே வால்வு வழியாகப் புகை, அமுக்கம் முடியும் நேரத்தில் எரிபொருள். 960 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர்களும் இரண்டரை மீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட வார்ட்சிலாவின் ஆர்டிஏ96சி, நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றும், ஆனால் எரிபொருளின் ஆற்றலில் பாதியை வேலையாக மாற்றுகிறது. டூ-ஸ்ட்ரோக் என்றாலே வீண்செலவு என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

சிறிய இன்ஜினில் இது அவ்வளவு எளிதில்லை. எக்ஸாஸ்ட் மூடியதிலிருந்து ஸ்பார்க் வரை 6000 ஆர்பிஎம்மில் கிடைப்பது 2 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்குள் பெட்ரோல் பொடித்துளியாகிக் காற்றில் கலந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனம் அழுத்தக் காற்றோடு சேர்த்துத் தெளித்து இதைச் சாதித்தது. 1990களில் மெர்க்குரியின் ஆப்டிமேக்ஸ் படகு இன்ஜின்களில் அது வந்தது. 2017இல் கேடிஎம் டிரான்ஸ்பர் போர்ட்டுக்குள் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது பாதி வழி என்றாலும் நல்ல வழி. செயின்சா, புல் வெட்டும் கருவிகளில் எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலே ஒரு தந்திரம் உண்டு: டிரான்ஸ்பர் பாதையில் முதலில் வெறும் காற்றை நிரப்பி வைப்பது. ஓடிப்போவது அந்தக் காற்றாக இருக்கும், பின்னால் வரும் கலவை தங்கும். புதிதாக வடிவமைக்க விரும்பும் மாணவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, இது இப்போது அடிக்கடி வருகிறது. எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் சென்சர் பொருத்தி, மீட்டரைப் பார்த்து ஜெட் மாற்றுகிறார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சரிதான். டூ-ஸ்ட்ரோக்கில் எரியாமல் தப்பிய காற்றும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது, அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து மீட்டர் "கலவை வறண்டிருக்கிறது" என்று காட்டும். அதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் பிளக் கறுத்து நனைந்து நிற்கும். ஆனால் கலவை நிச்சயமாகப் பெட்ரோல் மிகுந்தது என்று தெரிந்த நிலையில், புகையில் உள்ள ஆக்சிஜனின் அளவு வேறொரு வேலைக்கு உதவும். அப்போது எரிந்த பகுதியில் ஆக்சிஜன் அநேகமாக மிஞ்சாது, புகையில் தெரிவது தப்பியோடிய காற்றின் அளவு. போர்ட்டில் மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும், ஒரே வேகத்தில், ஒரே சுமையில் அந்த அளவை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் மாற்றம் வேலை செய்திருக்கிறது. ஜெட்டுக்கு எக்ஸாஸ்ட் வெப்பமும், பிளக்கின் நிறமும், பிஸ்டன் தலையில் படியும் கரியின் அமைப்பும் போதும்.